பிரீத்தரில் புகை அடிக்கிறது, இன்ஜின் இறக்கணுமா? பழைய லாரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியிலிருந்து புதுவயல் போகிற பாதையில் ஒரு சின்ன லாரிப் பட்டறை வைத்திருக்கிறேன். வருகிற வண்டிகளில் பாதி அரிசி மில் லோடு, மீதி ஆத்தங்குடி டைல்ஸ், செங்கல், மண், இடித்த பழைய வீட்டுத் தேக்கு. எல்லாமே வயதான வண்டிகள். பழைய டாடா, பழைய லேலண்ட், டாடாவின் சின்ன லாரியான 407. "பேக் கம்ப்ரஷன் அடிக்குதுண்ணே, இன்ஜின் போச்சா?" என்ற கேள்விதான் வாரத்துக்கு நாலு தடவை வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதி வைக்கிறேன். இதெல்லாம் சாதா டீசல் பம்ப் உள்ள பழைய இன்ஜினுக்கு எழுதியது. காமன் ரெயில் வண்டிக்கு, அதாவது மிக அதிக அழுத்தத்தில் டீசல் அடிக்கிற புது வகை இன்ஜினுக்கு, இதில் சிலது ஆபத்து. அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

பேக் கம்ப்ரஷன் என்றால் என்ன?

பிஸ்டனுக்கு மேலே எரிகிற வாயு முழுவதும் பிஸ்டனைத் தள்ளுகிற வேலையைச் செய்வதில்லை. கொஞ்சம், பிஸ்டனைச் சுற்றியிருக்கிற வளையமான ரிங்குக்கும் சிலிண்டரின் உள்சுவரான லைனருக்கும் நடுவே நழுவி, கிராங்க் சுற்றுகிற கீழ் அறைக்குள் இறங்கிவிடும். புத்தம்புது இன்ஜினிலும் இது உண்டு. சூட்டில் ரிங் விரிய வேண்டும் என்பதற்காக அதன் இரண்டு முனைக்கும் நடுவே இடைவெளி விட்டுத்தான் செய்கிறார்கள். அந்த வழியாகக் கொஞ்சம் கசியும். அது வெளியே போகத்தான் பிரீத்தர் குழாய்.

ஆக, பிரீத்தரில் ஏதோ வருகிறது என்பது செய்தியே இல்லை. எவ்வளவு வருகிறது, எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. நேராக "ரிங் போச்சு" என்று சொல்லி ஹெட்டைக் கழற்றிவிடுகிறார்கள்.

எவ்வளவு வந்தால் அதிகம்?

கார்த்திகை, மார்கழி காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் வெள்ளையாக ஆவி வரும். உள்ளே தங்கிய ஈரம் அது. பத்து இருபது கிலோமீட்டர் ஓடியதும் நின்றுவிட்டால் விட்டுத் தள்ளுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் நீலமாக, ஆயில் வாடையோடு, கையை வைத்தால் விசிறுவது போல அடித்தால் அது அதிகம்.

புகையைவிட மற்ற அடையாளங்களை நான் நம்புவேன். ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பி நிற்கும். வால்வுகளுக்கு மேலே மூடியிருக்கிற டேப்பட் கவர் ஓரமெல்லாம் ஆயில் கசிந்து தூசி அப்பியிருக்கும். வண்டி நிறுத்திய இடத்தில் பிரீத்தர் குழாய்க்கு நேர் கீழே சொட்டு விழுந்திருக்கும். கிராங்க்கின் பின்பக்க சீல் மாற்றி மூன்று மாதத்தில் மறுபடி ஒழுகினால், சீல் விற்ற கடைக்காரரைத் திட்டாமல் பிரீத்தர் பக்கம் ஒரு பார்வை பாருங்கள். உள்ளே அழுத்தம் இருந்தால் எந்த சீலும் நிற்காது.

இன்னொன்று. நம்ம பக்கம் பூமி சமதரை. கானாடுகாத்தான், தேவகோட்டை, திருப்பத்தூர் என்று சுற்றுகிற வரைக்கும் தேய்ந்த இன்ஜினும் தாங்குவது போலத்தான் தெரியும். அதே வண்டி கேரளா லோடு ஏற்றிக்கொண்டு குமுளி மேடு ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும்.

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக வைத்துப் பார்க்கிறார்களே, அது சரியா?

சரிதான், ஆனால் அது திருவிழா ஜோசியம் மாதிரி. சூடான இன்ஜின், ஐடிலில் ஓடுகிறது, மூடியைத் திருகாமல் தலைகீழாக வாயில் வைக்கிறோம். லேசாக ஆடினால் பரவாயில்லை. தூக்கி எறிந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அதில் தெரியும். மூடி இருக்கிற இடம், மூடியின் எடை, உள்ளே வால்வை அழுத்துகிற ராக்கர் ஆடுகிற ஆட்டம் எல்லாமே வண்டிக்கு வண்டி மாறும். மூடி ஆடியதை வைத்து மட்டும் இன்ஜின் இறக்கச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அப்போ முதலில் எதைப் பார்ப்பது?

காசு செலவில்லாததை. முதலில் டிப்ஸ்டிக். ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கிப் பிரீத்தர் வழியாகத் துப்பும். "கூட ஒரு லிட்டர் கிடக்கட்டுமே" என்று ஊற்றுகிற பழக்கம் நம் டிரைவர்களுக்கு நிறையவே உண்டு.

ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் இன்னும் மோசம். ஆயிலில் டீசல் இறங்குகிறது. ஃபீட் பம்பின் டயாபிரம் கிழிந்திருக்கலாம், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற நாசில் ஏதாவது ஒழுகலாம். பழுப்புத் தாளில் ஒரு சொட்டு ஆயில் வைத்து அரை மணி நேரம் விடுங்கள். கறுப்பு வட்டத்தைத் தாண்டி வெளிறிய வளையம் ஒன்று பரவினால் டீசல் கலந்திருக்கிறது. மோரைப் போல வெளுத்திருந்தால் தண்ணீர், அது வேறு கதை.

அடுத்தது பிரீத்தரையே கழற்றுங்கள். பழைய வண்டிகளில் உள்ளே கம்பி வலை ஒன்று இருக்கும். வருஷக்கணக்கில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆயில் மண்டி இறுகி அடைத்துக்கொண்டால், சாதாரணமாக வருகிற வாயுவே வெளியேற வழியில்லாமல் சீலைத் தள்ளும், டிப்ஸ்டிக்கைத் தூக்கும். டீசலில் ஊறப்போட்டுக் கழுவி ஏர் அடித்து மாட்டினால் முடிந்தது. இப்படி டீசலில் கழுவிய வலையோடு நோய் தீர்ந்து போன வண்டிகள் என் கையிலேயே பல.

ரிங் நல்லாயிருந்தும் பிரீத்தரில் அடிக்குமா?

அடிக்கும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பட்டறை வைப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு பழைய ஆறு சிலிண்டர் லாரி இருந்தது. பிரீத்தரில் ரயில் இன்ஜின் மாதிரி அடித்தது. ஒரு பட்டறையில் விட்டேன். மூடியை வைத்துப் பார்த்தார்கள், பறந்தது. இன்ஜினை இறக்கி லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதிது போட்டார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்தால் புகை கொஞ்சம் குறைந்திருந்தது, நிற்கவில்லை. கடன் வாங்கிய காசு போனது போனதுதான். குற்றவாளி ஏர் பிரேக் கம்ப்ரஸர்.

கம்ப்ரஸருக்கும் பிஸ்டன், ரிங் உண்டு. அதற்கு ஆயில் இன்ஜினிலிருந்துதான் வருகிறது, திரும்பவும் இன்ஜினுக்குள்ளேதான் வடிகிறது. கம்ப்ரஸர் ரிங் தேய்ந்தால், டேங்குக்குப் போக வேண்டிய காற்று அந்த வடிகால் வழியாக கிராங்க் அறைக்குள் இறங்கும். பிரீத்தருக்கு அது எங்கிருந்து வந்த காற்று என்று தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வெளியே ஊதும்.

கண்டுபிடிப்பது சுலபம். போன மாசம் டைல்ஸ் ஏற்றுகிற வண்டி ஒன்று வந்தது. ஓனர் முகமே சரியில்லை. "எல்லாரும் இன்ஜின் போச்சுங்கிறாங்கண்ணே." சக்கரத்துக்குக் கட்டை போட்டு, டேங்கில் உள்ள ஏரை எல்லாம் திறந்துவிட்டு, ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் பிடிக்கச் சொன்னேன். அவரைப் பிரீத்தர் குழாய் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஏர் முள் ஏற ஏறக் குழாயில் அடிப்பதும் ஏறிக்கொண்டே போனது. டேங்க் நிரம்பி, மிச்சக் காற்றை வெளியே விடுகிற அன்லோடர் 'புஸ்' என்று விட்டதும் குழாயில் புகை சட்டென்று பாதியானது. பிரேக்கை நாலு மிதி மிதித்து ஏரைக் குறைத்தால் மறுபடி அடித்தது. மூன்று தடவை செய்து காட்டினேன். மூன்றாவது தடவை அவரே "புஸ்" சத்தத்துக்கு முன்னால் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்துவிட்டார். கம்ப்ரஸருக்கு மட்டும் ரிங் கிட் போட்டு அனுப்பினேன்.

சந்தேகம் தீரவில்லையென்றால் கம்ப்ரஸரின் டெலிவரி பைப்பைக் கழற்றிவிட்டு நின்ற இடத்திலேயே ஓட்டிப் பாருங்கள். பிரேக் இருக்காது, வண்டியை நகர்த்தாதீர்கள்.

என் வண்டியில் ஏர் இல்லை, வேக்குவம் பிரேக். அதற்கும் இது பொருந்துமா?

பொருந்தும், சொல்லப்போனால் இன்னும் அதிகமாக. எக்ஸாஸ்டர் பம்ப் வேக்குவம் டேங்கிலிருந்து உறிஞ்சுகிற காற்றை இன்ஜினுக்குள்தான் விடும். 407 போன்ற வண்டிகளில் ஆல்டர்னேட்டர் பின்னால் ஒட்டியிருக்கிற வேக்குவம் பம்பும் அப்படித்தான். டேங்க் காலியாகிவிட்டால் அதற்கு மேல் உறிஞ்ச ஒன்றுமில்லை, பிரீத்தர் அடங்கிவிடும். ஆனால் எங்காவது ஹோஸ் வெடித்திருந்தாலோ, பூஸ்டரில் கசிந்தாலோ, பம்ப் இடைவிடாமல் வெளிக்காற்றை உறிஞ்சி உறிஞ்சி இன்ஜினுக்குள் ஊதிக்கொண்டே இருக்கும். பிரேக் கொஞ்சம் கட்டையாக இருக்கிறது, பிரீத்தரும் அடிக்கிறது என்று இரண்டு புகாரும் ஒன்றாக வந்தால் முதலில் வேக்குவம் ஹோஸைத் தடவிப் பாருங்கள். பம்பின் உறிஞ்சும் வாயைக் கழற்றி அடைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓட்டினால் விடை கிடைத்துவிடும்.

டர்போ வண்டிக்கு?

டர்போ சீல் தேய்ந்தால் காற்றும் எக்ஸாஸ்ட் வாயுவும் அதன் ஆயில் வடிகால் வழியாகக் கீழே இறங்கும். ஐடிலில் பெரிதாகத் தெரியாது, லோடில் இழுக்கும்போதுதான் தெரியும். டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகிற காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விடுங்கள். ஆயில் வழவழவென்று தேங்கி, ஷாஃப்ட்டும் ஆடினால் டர்போவைத் தனியாகச் சோதிக்க அனுப்புங்கள்.

வால்வு கைடு?

கைடு என்பது வால்வுத் தண்டு ஏறி இறங்குகிற குழல். தேய்ந்த எக்ஸாஸ்ட் கைடு வழியாகவும் புகை மேலே ஏறி டேப்பட் கவருக்குள் வந்துவிடும். கவரைத் தூக்கிவிட்டு ஐடிலில் பார்த்தால் எந்த வால்வு அடியில் புகைகிறது என்று கண்ணுக்கே தெரியும், ஆயில் தெறிக்கும், பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரில் ஒரு கொத்து நீலப் புகை விட்டுப் பிறகு தெளிந்தால் கைடைச் சந்தேகப்படலாம். இது ஹெட் வேலை. கீழே கை வைக்கத் தேவையில்லை.

அழுத்தத்தை அளக்க ஏதாவது கருவி உண்டா?

உண்டு, நீங்களே செய்யலாம். டயர் கேஜ் எல்லாம் இதற்கு ஆகாது, முள் அசையவே அசையாது. இது அவ்வளவு சின்ன அழுத்தம். 25 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு பி.எஸ்.ஐ.யில் இருபத்தெட்டில் ஒரு பங்கு.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற கண்ணாடி மாதிரி டியூப் இருக்கிறதல்லவா, அதில் இரண்டு மூன்று மீட்டர் வாங்குங்கள். ஒரு பலகையில் 'ப' எழுத்தைப் போல வளைத்து ஆணியடித்துக் கட்டி, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். நடுவில் ஒரு ஸ்கூல் ஸ்கேலை ஒட்டிவிடுங்கள். ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்றுப் போகாமல் மாட்டுங்கள், மறு முனை திறந்தே இருக்கட்டும். பிரீத்தரை எப்போதும் போல விட்டுவிடுங்கள், அடைக்க வேண்டாம். இன்ஜின் சூடான பிறகு முழு ஆக்ஸிலேட்டரில் பிடித்து, இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் படியுங்கள். டியூபை உயரமாக வையுங்கள், தண்ணீர் இன்ஜினுக்குள் போய்விடக் கூடாது.

"எத்தனை வந்தால் மோசம்?" என்று உடனே கேட்பீர்கள். பிரீத்தர் குழாயின் அகலத்தைப் பொறுத்து அது வண்டிக்கு வண்டி வேறு. உங்கள் இன்ஜினுக்குக் கம்பெனி புத்தகத்தில் எண் இருந்தால் அதுவே சட்டம். இல்லையென்றால், வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே ஒரு தடவை அளந்து கேபின் கதவு உள்பக்கம் எழுதி வையுங்கள். ஆயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அளங்கள். எட்டு, எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் என்று போனது திடீரென்று இருபதானால் ஏதோ ஒடிந்திருக்கிறது. மெதுவாக ஏறினால் தேய்மானம். கம்ப்ரஸரை ஒதுக்கிவிட்டு ஒரு தடவை, சேர்த்து ஒரு தடவை அளந்தால் எவ்வளவு யாருடைய பங்கு என்பதும் வந்துவிடும்.

கம்ப்ரஸர், எக்ஸாஸ்டர் எல்லாம் சரி. சிலிண்டர்தான் என்று தெரிந்துவிட்டது. எந்தச் சிலிண்டர்?

முதலில் காதைக் கொடுங்கள். பிரீத்தரில் 'சப்… சப்… சப்' என்று தாளம் தப்பாமல் விட்டுவிட்டு அடித்தால் ஒரு சிலிண்டர் கெட்டிருக்கிறது என்று பொருள். ஒரே சீராக ஊதினால் எல்லாம் ஒன்றுபோலத் தேய்ந்திருக்கிறது.

தாளம் கேட்டால், ஐடிலில் ஓடும்போது நாசிலுக்குப் போகிற பைப் நட்டை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்துங்கள். டீசல் வெளியே கசியும், அந்தச் சிலிண்டர் எரியாது. எந்த நட்டைத் தளர்த்தும்போது பிரீத்தர் தாளம் அடங்குகிறதோ அதுதான் ஆள். இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், விரலை நட்டுக்கு நேரே வைக்காதீர்கள்.

காமன் ரெயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. அந்த பைப்பில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும், டீசல் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும். கையையே எடுக்க வேண்டி வரலாம்.

கம்ப்ரஷன் கேஜ் போட்டால் போதாதா?

போடுங்கள், ஆனால் டீசல் கேஜ் வேண்டும். பெட்ரோல் வண்டி கேஜ் போட்டால் அது உடைந்து உங்கள் மூஞ்சிக்கு வரும். இன்ஜின் சூடு, எல்லா நாசிலும் வெளியே, பம்ப் ஸ்டாப்பில், பேட்டரி முழுச் சார்ஜ். பழைய லாரி இன்ஜின்கள் பொதுவாக 350 முதல் 450 பி.எஸ்.ஐ. வரை காட்டும். எண்ணைவிடச் சிலிண்டர்களுக்குள் உள்ள வித்தியாசம் முக்கியம். ஐந்து 400 காட்டி ஒன்று மட்டும் 320 காட்டினால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேட்டரி இறங்கிய வண்டியில் பார்த்தால் ஆறுமே கெட்டது போலக் காட்டும்.

ஆனால் இதிலும் ஒரு ஏமாற்று உண்டு. ரிங் தேய்ந்து மேலே ஆயில் ஏறினால், அந்த ஆயிலே இடுக்கை அடைத்துக் கம்ப்ரஷனை நல்லதாகக் காட்டும். அதே காரணத்தால் சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றி மறுபடி பார்க்கிற பெட்ரோல் வண்டி வித்தையை டீசலில் செய்யாதீர்கள். மேலே இடம் மிகக் குறைவு, ஆயில் கூடிவிட்டால் கனெக்டிங் ராடு வளையும்.

என்னைக் கேட்டால் ஏர் விட்டுப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. சந்தேகப்படுகிற பிஸ்டனைக் கம்ப்ரஷனில் உச்சிக்குக் கொண்டுவந்து, ஃபிளைவீலைப் பூட்டி, நாசில் ஓட்டை வழியாக 80 பி.எஸ்.ஐ. ஏர் விடுங்கள். பூட்டாமல் விட்டால் கிராங்க் சுற்றிவிடும், கை போய்விடும். பிறகு சத்தம் எங்கே வருகிறது என்று கேளுங்கள். ஆயில் ஊற்றும் வாயில் இரைந்தால் ரிங், லைனர், இல்லை பிஸ்டன் விரிசல். சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் கிளீனரில் வந்தால் இன்டேக் வால்வு. ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட்டோ ஹெட் விரிசலோ.

மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் இன்ஜின் வேலை பார்த்தேன். அதற்குள் ஏன் போனது?

தூசி. வேறு எதையும் நினைப்பதற்கு முன் தூசியை நினையுங்கள். புதுவயல் மில்லில் உமிப் புழுதி, கிராமப் பாதையில் செம்மண். இரண்டுமே ஏர் கிளீனருக்கு எமன். உமி அடைக்கும், செம்மண் தேய்க்கும். மணல் துகள் மேல் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே மாட்டினால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போலத்தான்.

ஏர் கிளீனர் புதிதாகவே இருக்கும். ஆனால் கிளீனருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் விரிசல் விட்டிருக்கும், கிளிப் தளர்ந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. கழற்றி, உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். செம்மண் ஒட்டினால் அதுதான் உங்கள் மூன்று வருஷக் கணக்கு. ஹோஸை மாற்றாமல் மறுபடி ரிங் போட்டால் அடுத்த மூன்று வருஷமும் அதேதான்.

பேப்பர் ஃபில்டரைப் பஞ்சர் கடை ஏரால் முழு வேகத்தில் ஊதாதீர்கள், கண்ணுக்குத் தெரியாமல் கிழியும். ஆயில் பாத் கிளீனர் உள்ள வண்டியில் அடியில் சேறு தேங்கியிருக்கும், கோடு வரைக்கும் புது ஆயில் ஊற்ற வேண்டும். கூடினாலும் ஆபத்து, இன்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சிவிடும்.

ரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

லைனரை அளக்காமல் இதற்குப் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். டாடா 697 என்ற பெயரிலேயே ஆறு சிலிண்டர், 97 மி.மீ. போர் (லைனரின் உள் விட்டம்) என்று இருக்கிறது. அந்த லைனர் 0.1 மி.மீ. தேய்ந்து 97.1 ஆனால் சுற்றளவு 0.31 மி.மீ. கூடும். சுற்றளவு கூடியது முழுக்க ரிங் வாயில்தான், அதாவது அதன் இரண்டு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான், திறக்கும். புது ரிங்குக்கு 0.35 மி.மீ. போல வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு. புது ரிங்கைப் போட்டும் பாதி நோய் அப்படியே இருக்கும்.

கழற்றியதும் ஒரு ரிங்கை வெறும் லைனருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்துத் தள்ளி நேராக்கி, வாயில் இடைவெளி அளக்கிற தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். மேல் ரிங் ஓடுகிற இடத்தில் ஒரு தடவை, தேயாத அடிப்பகுதியில் ஒரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14ஆல் வகுத்தால் தேய்மானம் கையில். பட்டறையில் போர் கேஜ் இல்லை என்பவர்களுக்கும் இது முடியும். மேலே விரலில் தட்டுப்படுகிற மேடு இருந்தால் புது ரிங் அதில் மோதி உடையும். பிஸ்டன் காடியில் ரிங் மேலும் கீழும் ஆடினாலும் புது ரிங் போட்டுப் பயனில்லை.

ஹோனிங் செய்த, அதாவது உள்சுவரைக் கல்லால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய லைனரை டீசலில் துடைத்துவிட்டு மாட்டுகிறார்கள். டீசலில் அந்தத் தேய்த்த பொடி போகாது. வெந்நீரும் சோப்பும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவி, ஆயில் தடவி, வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை துடைக்க வேண்டும்.

எல்லாம் புதிது. இன்னும் அடிக்கிறதே?

இரண்டாயிரம் கிலோமீட்டர் பொறுங்கள், ரிங் உட்கார வேண்டும். ஆனால் எப்படி ஓட்டுகிறீர்கள் என்பது முக்கியம். புது இன்ஜின் என்று பயந்து பொத்திப் பொத்தி ஓட்டுவார்கள், லோடு ஏற்றுகிற வரைக்கும் மணிக்கணக்கில் ஐடிலில் விடுவார்கள். லோடு இல்லாவிட்டால் ரிங்கை லைனரோடு அழுத்துகிற வாயு இல்லை. லைனர் கண்ணாடியாகப் பளபளத்துவிடும், பிறகு ரிங் உட்காரவே உட்காராது. முதல் நாளிலிருந்தே அரை லோடாவது ஏற்றி, ஏற்றியும் இறக்கியும் வேகத்தை மாற்றி ஓட்டுங்கள். முழு லோடில் மேடு மட்டும் வேண்டாம். மேல் ரிங்கைத் தலைகீழாக மாட்டியிருந்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கெட்டி ஆயில் ஊற்றினால் நிற்குமா? டப்பா மருந்து?

கெட்டி ஆயிலில் சத்தமும் புகையும் கொஞ்சம் அடங்கும், வண்டியை விற்கிறவர்களுக்கு அது உதவும். கரி பிடித்து ரிங் ஒட்டியிருந்தால், நல்ல ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்றி நல்ல லோடில் ஓட்டினால் சில சமயம் விடுபடும். தேய்ந்த இரும்பு மருந்தில் வளராது.

பிரீத்தர் குழாயை ஏர் கிளீனருக்குள் விட்டால் புகை வெளியே தெரியாதே?

தயவுசெய்து செய்யாதீர்கள். கம்பெனியே அப்படி அமைத்த இன்ஜினில் ஆயிலைப் பிரித்தெடுக்கிற பாகம் நடுவில் இருக்கும். நீங்கள் வெறும் ஹோஸைச் சொருகினால், தேய்ந்த இன்ஜின் துப்புகிற ஆயில் நேராகச் சிலிண்டருக்குப் போகும். டீசல் இன்ஜினுக்கு ஆயிலும் எரிபொருள்தான். ஒரு கட்டத்தில் இன்ஜின் தானாக ரேஸாகிக் கத்த ஆரம்பிக்கும். ஸ்டாப்பை இழுத்தாலும் நிற்காது, ஏனென்றால் அது ஓடுவது டீசலில் இல்லை.

அப்படி ஆகிவிட்டால், வண்டி நின்றிருந்தால் பிரேக்கை முழுசாக மிதித்துக்கொண்டு டாப் கியரில் போட்டு கிளட்சை விட்டு அணைக்கப் பாருங்கள். இல்லையென்றால் காற்று வாயைப் பலகையாலோ மடித்த கனமான ரப்பர் ஷீட்டாலோ அடைக்க வேண்டும். கையாலோ துண்டாலோ வேண்டாம், இழுத்துக்கொண்டு போய்விடும். இன்ஜின் கத்துகிற கத்தலில் ஏதாவது தெறிக்கும்போல இருந்தால் விட்டுவிட்டு ஓடுங்கள். இன்ஜின் போனால் வாங்கலாம்.

பிரீத்தர் குழாயை அடைத்துவிடுவதும் இதே ரகம்தான். அடைத்த மறுநாள் பின் சீல் போகும், கிளட்ச் தட்டு ஆயிலில் குளிக்கும்.

இதனால் எஃப்.சி.யில் நிறுத்துவார்களா?

புகைச் சோதனை சைலன்சரில்தான், பிரீத்தரில் இல்லை. பி.எஸ். 4க்கு முந்தைய டீசல் வண்டிக்கு வரம்பு 65 எச்.எஸ்.யு. (புகையின் அடர்த்தியைச் சொல்கிற அளவு). பேக் கம்ப்ரஷன் மட்டும் இருந்தால் அதில் தப்பிவிடலாம். மேலே ஆயில் ஏறி எரிந்தாலோ நாசில் சரியில்லாமல் இருந்தாலோ மாட்டிக்கொள்வீர்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறேன். எதைப் பார்ப்பது?

சொல்லாமல் காலையில் போங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே இன்ஜின் சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பிரீத்தர் குழாய் முனையைப் பாருங்கள். சுற்றியுள்ள சேசிஸ் எல்லாம் பத்து வருஷ அழுக்கோடு இருக்க, குழாய் முனை மட்டும் புதிதாகத் துடைத்திருந்தால் அங்கே என்ன சொட்டிக்கொண்டிருந்தது என்று யோசியுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் தேன் மாதிரிக் கெட்டியாக, புத்தம்புதிதாக இருந்தால் பழைய ஆயில் எங்கே என்று கேளுங்கள்.

பிறகு இன்ஜின் சூடாகும்வரை ஓட்டி, லோடு ஏற்றிய நிலையிலேயே ஒரு பத்து கிலோமீட்டர் போய், வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் இறங்கிப் பிரீத்தரைப் பாருங்கள். அடித்தால் உடனே பேரம் முறிக்க வேண்டாம். அன்லோடர் 'புஸ்' என்று விடுகிற வரைக்கும் அங்கேயே உட்காருங்கள். சத்தத்தோடு அடங்கினால் வெளியே சொல்லாமல் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.